காகத்துக்கு வைத்த முதல் பிடி

என் மனைவி என் சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று நான் சந்தேகித்தேன். சந்தேகித்ததோடு நிற்கவில்லை. அவளை எங்கள் வீட்டு ஒழுங்கையின் முனையிலுள்ள அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். அவள் செய்தாள். அந்தத் தழும்பு இன்னும் அவள் வலது கையில் இருக்கிறது. என் நோயைப் பற்றி எழுத வந்தவன் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் சுங்க உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வாயால் சொல்வதை நம்பாமல் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கப்பலில் பழகிய கண் வீட்டுக்கு வந்தாலும் மூடாது. "கப்பலிலை பாக்கிறதை என்ர குசினியிலை பாக்காதேங்கோ" என்று யோகம் அடுப்படியில் நின்று பகிடியாகச் சொல்வாள். யோகம் என்பது என் மனைவி யோகேஸ்வரி. அந்தப் பகிடியை நான் எவ்வளவு தூரம் கொண்டுபோவேன் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வலி ஒரு மாரி காலத்தில் தொடங்கியது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள அந்தச் சிறிய இடத்தில், ஒரு பாக்கின்மேல் உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு. எழுந்தால் குறையும், கதிரையில் இருந்தால் கூடும். பிறகு அது அடிவயிற்றுக்கும் குறியின் நுனிக்கும் பரவியது. அடிக்கடி சிறுநீர் முட்டும். போனால் கொஞ்சம்தான் வரும்.

அதே மாதங்களில் விறைப்பும் தளரத் தொடங்கியது. முதலில் விந்து வெளியேறும்போது உள்ளே யாரோ கீறியதுபோல வலித்தது. அடுத்த முறை, வலிக்கப்போகிறதே என்ற நினைப்பிலேயே பாதியில் தளர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு தொடக்கமே இல்லை. இந்த வயதில் அது வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வேண்டுமா வேண்டாமா என்பதை நானும் அவளும் தீர்மானித்திருந்தால் அது வேறு கதை. எங்களைக் கேட்காமல் அது பறிபோனது.

யோகம் ஒருநாளும் குறை சொல்லவில்லை. "பரவாயில்லை, படுங்கோ" என்று சொல்லி முதுகைத் தடவிவிடுவாள். அந்தப் "பரவாயில்லை" என் மனதில் முள்ளாக ஏறியது. கர்ப்பப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒருநாள் அவள், "இனி இதெல்லாம் கொஞ்சம் குறைச்சால் எனக்கும் நல்லம்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றவளுக்கு இப்போது வசதியாகப் போயிற்று. வசதிப்படுகிறவரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடம்.

முதலில் தனியார் மருத்துவர் ஒருவரிடம் போனேன். கிருமித்தொற்று என்று நினைத்துக் குளிசை தந்தார். முடிந்ததும் இன்னொரு வகை. காத்திருக்கும் அறையில் ஆண்கள் வரிசையாக இருப்போம், ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்ப்பதில்லை. தெரிந்தவர் யாராவது வந்தால் "சீனி பாக்க வந்தனான்" என்பேன். அவரும் "நானும்தான்" என்பார். அவரும் பொய்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை. புரஸ்டேற், அதாவது சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் சுரப்பி, வயதுக்கு ஏற்றபடி சற்றுப் பருத்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை. ஸ்கானில் கல்லும் இல்லை. "பயப்பட ஒண்டுமில்லை" என்றார் மருத்துவர். வலி இருக்கிறது, ஒன்றும் இல்லை என்கிறார்கள். இரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களை மாற்றிவிட்டார்களோ, என் பெயரை வேறொருவருடைய குழாயில் ஒட்டிவிட்டார்களோ என்று வேறோர் இடத்தில் திரும்பவும் எடுப்பித்தேன். அங்கும் அதே விடை.

என்னோடு வேலை செய்த நடேசு, மாலையில் கடற்கரையில் என்னோடு நடப்பவன். அவனிடம் மட்டும் வலியைச் சொல்லியிருந்தேன். மற்றதை அவன் ஊகித்துக்கொண்டான்.

"மச்சான், ஸ்கானிலையும் தெரியாத வருத்தம் என்ன வருத்தம்? உனக்கு ஆரோ மருந்து குடுத்திட்டாங்கள்."

"விசர்க் கதை கதையாதை. ஆர் குடுக்கிறது?"

"உனக்கு ஆர் சோறு போடுறது?"

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் கட்டும் ஆண் அந்த வீட்டுக்குப் போய் வாழ்வான். நான் இருப்பது யோகத்தின் வீடு. பக்கத்து வளவு அவளுடைய அக்கா சரசு மச்சாளின் வீடு. நடுவில் ஒரு வேலி, வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டால் அகப்பையும் கதையும் நாள் முழுக்கப் போய்வரும். மச்சாள் வாரத்தில் ஒருநாள் இலைக்கஞ்சி காய்ச்சி எனக்கென்று ஒரு செம்பில் கொண்டுவருவா. இத்தனை வருடம் ருசித்துக் குடித்த கஞ்சி அது. இப்போது அதன் பச்சை நிறத்தைப் பார்த்தேன். உள்ளே என்னென்ன இலை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லையே என்று தோன்றியது.

படித்தவன் இதை நம்புவானா? நம்பினேன் என்று சொல்லமாட்டேன். சோதித்துப் பார்த்தால் என்ன என்று நினைத்தேன். அது நம்புவதைவிட மோசம்.

சாப்பிடுமுன் காகத்துக்கு ஒரு பிடி வைப்பது எங்களிடம் உள்ள வழக்கம். இறந்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்பார்கள். நான் விரத நாளிலும் அதைச் செய்யாதவன். திடீரென்று ஒவ்வொரு மதியமும் என் சோற்றுக் கோப்பையிலிருந்தே முதல் பிடியை எடுத்து, எல்லாக் கறியும் பிசைந்து, மதில்மேல் வைக்கத் தொடங்கினேன். யோகத்துக்குச் சந்தோசம். "மாமி இருந்திருந்தால் இதைக் கண்டு அழுதிருப்பா" என்று செத்துப்போன என் அம்மாவை நினைத்துச் சொன்னாள். காகம் தின்னும். நான் கை கழுவுகிற சாட்டில் நின்று பார்ப்பேன். அது பறந்துபோய் முருங்கையில் இருந்து மூக்கைத் தீட்டுவதைக் கண்ட பிறகுதான் வந்து சாப்பிடுவேன்.

ஒருநாள் காகம் தின்றுவிட்டு மதிலிலேயே குந்தியிருந்தது. நகரவில்லை. நானும் நகரவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. பின்னால் யோகத்தின் குரல் கேட்டது.

"காகம் செத்துதே?"

திரும்பிப் பார்த்தேன். கையில் அகப்பையோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, எத்தனை நாளாகத் தெரிந்துகொண்டாளோ தெரியாது.

"சாகேல்லை எண்டால் வந்து சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த இடத்தில் நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் மூளை, இவளுக்கு இது எப்படி உடனே விளங்கியது என்று கேட்டது. குற்றமில்லாதவள் இப்படிக் கேட்பாளா என்றது. அன்று பின்னேரம் அவளிடம் கேட்டேவிட்டேன்.

"யோகம், எனக்கு என்ன போட்டனீர்?"

அவள் அழவில்லை. "நான் சொன்னால் நம்புவியளே?"

"கோயிலிலை வந்து சொல்லும்."

வெள்ளிக்கிழமை போனோம். மச்சாளும் வந்தா. பூசாரிக்கு விருப்பமில்லை. "ஐயா, இது காணிப் பிரச்சினைக்கு வாறாக்கள் செய்யிறது. குடும்பத்துக்குள்ளை வேண்டாமே" என்றார்.

"வையுங்கோ ஐயா. இவருக்கு அதுதான் வேணுமாம்" என்றாள் யோகம்.

படிக்கல்லில் கற்பூரம் எரிந்தது. "இவரின்ர சாப்பாட்டிலையோ தேத்தண்ணியிலையோ நான் ஒண்டும் போடேல்லை" என்று சொல்லி ஓங்கி அடித்தாள். வழக்கமாக ஆட்கள் பட்டும் படாமலும் அடித்துவிட்டுக் கையை எடுப்பார்கள். அவள் கையை எடுக்கவில்லை. மச்சாள்தான் இழுத்தெடுத்தா. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீங்கள் படிச்ச மனிசன் எண்டுதானே எங்கட அப்பா உங்களுக்கு இவளைத் தந்தவர்" என்றா.

அடுத்த நாள் காலையில் யோகம் தேத்தண்ணி கொண்டுவந்தாள். எனக்கு முன்னால் நின்று, கோப்பையை வாயில் வைத்து ஒரு மிடறு குடித்தாள். பிறகு என் கையில் தந்தாள். அன்று தொடக்கம் ஒவ்வொரு நாளும் அப்படித்தான். சோற்றிலும் ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் வைப்பாள். கணவனுக்கு எச்சில்பட்டதைக் கொடுக்கக்கூடாது என்று வளர்ந்தவள் அவள். "இனி வேண்டாம் யோகம்" என்றால், "ஒரு சத்தியம் எத்தினை நாளுக்குக் காணும்?" என்பாள்.

இதற்குள் நடேசு ஒரு லேகியம் வாங்கித் தந்தான். போத்தலில் பெயர் இல்லை, தயாரித்தவர் இல்லை. பரிசோதனைக் குழாயில் ஒட்டிய பெயரையே நம்பாத நான், அந்தக் கறுப்புக் களியை விரலால் வழித்து ஒளித்துத் தின்றேன். சில நாளில் நெஞ்சு படபடத்தது, வாய் வறண்டது. ஒரு காலையில் சிறுநீர் முட்டி நின்றது; ஒரு சொட்டும் வரவில்லை. வயிறு கல்லாக இறுகியது. வாழ்க்கையில் நான் பட்ட வலிகளில் அதுதான் பெரியது. யோகம் ஓட்டோ பிடித்து, என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொரு பள்ளத்திலும் "மெல்ல, மெல்ல" என்று சாரதியை ஏசினாள்.

கதீற்றர் போட்டார்கள். சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே விடும் மெல்லிய ரப்பர்க் குழாய் அது. மற்ற முனை கட்டிலோரத்தில் தொங்கும் பையில் இருக்கும். போடும்போது பொறுக்க ஏலாமல் இருந்தது. பிறகு பை நிறைய நிறைய, எனக்கு அழுகை வந்தது.

வார்ட்டில் நாட்கள் பைகளால் அளக்கப்பட்டன. யன்னலால் பார்த்தால், எங்கள் நகரில் ஆடுமாடுபோல் திரியும் மான்கள் வீதியில் சோற்றுப் பார்சல் தாள்களை மென்றுகொண்டு நிற்கும். தாதி ஊசி கொண்டுவந்தால் என்ன ஊசி என்று கேட்பேன். சொன்னாலும் போத்தலைக் காட்டச் சொல்வேன். "ஐயா சுங்கத்திலையோ இருந்தவர்?" என்று ஒரு தாதி கேட்டாள். எப்படித் தெரியும் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். யோகம்தான் சொல்லியிருக்கிறாள்.

அவள் மதியம் சோறு கொண்டுவருவாள். பார்சலைப் பிரித்து, முதல் வாயைத் தான் தின்று, இரண்டாவது வாயை எனக்கு ஊட்டுவாள். பக்கத்துக் கட்டிலில் குச்சவெளி மீனவர் ஒருவர், கல்லடைப்போடு இருந்தார். அவர் இதைக் கண்டு உருகிப்போனார்.

"குடுத்து வைச்சனீங்கள் ஐயா. ஒரே கோப்பையிலை சாப்பிடுறியள். என்ர மனிசி மீனிலை முள்ளுக்கூட எடுத்துத் தராது."

யோகம் அடுத்த வாயைப் பிசைந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

என்னைப் பார்த்த டொக்டர் கிண்ணியாவைச் சேர்ந்த இளம் பெண். திரையை இழுத்து மூடிவிட்டு, "தனிய கதைக்கலாமா ஐயா, அம்மாவும் இருக்கட்டுமா?" என்று கேட்டார். "இருக்கட்டும்" என்றேன். மனைவி பக்கத்தில் இருந்தால் இந்தப் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்காது என்று கணக்குப் போட்டேன். அவர் கேட்டார்.

"குடும்ப வாழ்க்கை எப்பிடி? விறைப்பு வருதா?"

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"இல்லை டொக்டர்" என்றாள் யோகம். "மாரி தொடக்கம் இல்லை. வலிக்குமெண்டு பயப்பிடுறார். பிறகு என்னோடை கோவம்."

டொக்டர் எழுதினார். யோகம் நிறுத்தவில்லை. "நான் ஒண்டு கேக்கலாமே? சாப்பாட்டிலை ஏதும் போட்டால் இப்பிடி வருமே?"

"ஆர் போட்டது?"

"நான் போட்டனான் எண்டு இவர் நினைக்கிறார்." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "சத்தியமும் வாங்கினவர்."

டொக்டர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். "இதுக்கு மருந்து போட்டீங்களா அம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். அதை நான் அவளிடம் ஒருநாளும் கேட்டிருக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க வேற என்ன சாப்பிட்டீங்க ஐயா? கடை மருந்து, நாட்டு மருந்து?"

லேகியத்தைச் சொன்னேன். யோகம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது அப்போதுதான் தெரியும்.

"அதில என்ன இருந்திச்சு எண்டு எங்களுக்குத் தெரியாது. அதுதான் பயம்" என்றார் டொக்டர். "சிறுநீர் அடைச்சதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

வெளியில் இருந்து எனக்குள் எதையோ போட்ட ஒரே ஆள் நான்தான்.

அதன்பின் அவர் பொறுமையாக விளக்கினார். என் நோய்க்குப் பெயர் இருந்தது: நாட்பட்ட இடுப்புக்குழி வலி. கிருமி இல்லாமலும், கட்டி இல்லாமலும், ஸ்கானில் தெரியாமலும் வரலாம். "ஒன்றும் இல்லை" என்றால் ஆபத்தானது ஒன்றும் இல்லை என்றுதான் பொருள். வலி பொய் என்று பொருள் இல்லை. இடுப்புக்குழியின் அடியில் சிறுநீர்ப்பையைத் தாங்கும் தசைகள் உண்டு. அவை ஓயாமல் இறுகிக்கொண்டால் வலிக்கும். வலித்தால் பயம், பயந்தால் இன்னும் இறுகும். விறைப்புக்கு உடல் தளர்ந்து, இரத்தம் தடையின்றி ஓட வேண்டும். வலியும் பதற்றமும் அதைக் கெடுக்கும். இப்படி வலி உள்ள ஆண்கள் பலருக்கு இந்தக் குறைபாடும் சேர்ந்தே வருகிறதாம். ஆனால் அதை வலியின் கணக்கிலேயே எழுதிவிடக்கூடாது என்றார். நெஞ்சிலுள்ள இரத்தக் குழாய்களில் நோய் தொடங்குவதையும் சிலருக்கு விறைப்புக் குறைவுதான் முதலில் காட்டும். அதற்காக இரத்த அழுத்தம், சீனி, ஈசீஜீ எல்லாம் பார்த்தார்கள்.

"இறுக்கிப் பொத்தின கையை விரிக்கப் பழக்கிற மாதிரித்தான் வைத்தியம். ஒரு நாளில வராது. குறைஞ்ச பிறகும் சில நாள்ல திரும்ப எட்டிப்பார்க்கும். பயப்படாதீங்க, போயிரும்."

கதீற்றர் குழாயைக் கழற்றியதும் சிறுநீர் தானாகப் போனது. பாதையைத் தளர்த்தும் குளிசை ஒன்று, நரம்பு வலிக்குச் சிறிய அளவில் இன்னொன்று, வயிற்றால் மூச்சு விட்டுத் தசையைத் தளர்த்தும் பயிற்சி, இளஞ்சூட்டு நீரில் இருப்பது. இவற்றோடு வீட்டுக்கு விட்டார்கள். பயிற்சி சொல்லித்தந்தவர் நான் மூச்சை அடக்குவதைக் கண்டு, "ஐயா, பின்னுக்கு ஆரும் துரத்தி வரேல்லை" என்றார். பேசினில் இளஞ்சூட்டு நீரில் நான் குந்தியிருப்பதைக் கண்ட மச்சாள், "கன்னியாச் சுடுதண்ணிக் கிணத்தடியிலை கொண்டுபோய் விட்டால் விறகாவது மிஞ்சும்" என்றா. கோயிலுக்குப் பிறகு அவ என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

நான் செய்ததற்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். யோகத்தைக் கோயிலுக்குக் கூப்பிட்டேன். "அந்தப் படிக்கு என்னை இனிக் கூப்பிடாதேங்கோ" என்றாள். நான் தனியாகப் போனேன். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு ஒழுங்கைச் சனம் நின்றது, மச்சாளும் நின்றா. அதே கல்லில் கற்பூரம் வைத்தேன். என் மனைவி எனக்கு ஒன்றும் போடவில்லை, எனக்கு இருப்பது நோய், அதனால் ஆண்மை குறைந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு அவள்மேல் பழி போட்டேன் என்று உரத்துச் சொன்னேன். அடித்தேன். கையை எடுக்காமல் வைத்திருக்கப் பார்த்தேன். என்னால் ஏலவில்லை.

வீட்டுக்கு வரமுன்னரே செய்தி வேலிப் பொட்டால் போய்விட்டது. யோகம் குசினி வாசலில் நின்றாள்.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"உம்மிலை பிழையில்லை எண்டு சனத்துக்குத் தெரிய வேணுமெல்லோ."

"உங்கட கட்டில் மட்டுமே அது? என்ரையும்தானே. இனி நான் எந்த முகத்தோடை தண்ணி எடுக்கப் போறது? அண்டைக்கும் உங்கட மனம் ஆறத்தான் கொண்டுபோனனீங்கள். இண்டைக்கும் உங்கட மனம் ஆறத்தான் போனனீங்கள்."

"அப்ப நான் என்ன செய்ய வேணும்?" என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்து, தன் காயத்துக்கு டொக்டர் தந்த களிம்பை எடுத்துப் பூசினாள். மென்மையாகப் பூசினாள் என்று சொல்ல முடியாது.

"குடுக்கிறதை மணந்து பாக்காமல் குடியுங்கோ. அவ்வளவுதான்."

நான் மோந்து பார்க்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் கவனித்தேன். கோப்பையை வாங்கியதும் என் மூக்கு முன்னால் போகும். அதைத் தடுக்கப் பழகினேன். தசையைத் தளர்த்தப் பழகியதைவிட இது கடினம். யோகம் முதல் மிடறு குடிப்பதை நிறுத்தவில்லை. நானும் மறுபடி நிறுத்தச் சொல்லவில்லை.

வலி இப்போது பெரும்பாலான நாட்களில் இல்லை. மற்ற விசயம் முன்போல் இல்லை, ஆனால் முற்றாக இல்லாமலும் இல்லை. டொக்டர் அதற்கும் ஒரு குளிசை எழுதித் தந்தார், நெஞ்சுப் பரிசோதனை சரி என்று உறுதிசெய்த பிறகுதான். இதற்குமேல் எழுத யோகம் விடவில்லை. இந்த முறை கேட்டுத்தான் எழுதுகிறேன். முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். மிச்சத்தை, "சொல்லாமல் ஒளிச்சுக்கொண்டு திரியிற ஆம்பிளையள் வாசிக்கட்டும்" என்றாள்.

போன கிழமை ஒரு காலை, யோகம் தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் கதிரையின் கைப்பிடியில் வைத்தாள். கோப்பை விளிம்புவரை நிறைந்திருந்தது. அவள் குடிக்கவில்லை. பக்கத்தில் இருந்து கீரையை ஆயத் தொடங்கினாள்.

நான் எத்தனையோ மாதங்களாகக் காத்திருந்த கோப்பை அது. கையை நீட்டினேன். கை கோப்பையைத் தொடுமுன், ஒரு கணம், நின்றது. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அவள் கீரையிலிருந்து தலையை நிமிர்த்தியிருந்தாள். கண்டுவிட்டாள்.

"காகத்தைக் கூப்பிடட்டே?"

நான் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு வெந்தது.

"ஆறுதலாக் குடியுங்கோ" என்றாள் யோகம். அவள் கை திரும்பவும் கீரையில் இருந்தது. "டொக்டர் சொன்னவதானே, சில நாளிலை திரும்ப எட்டிப்பாக்குமெண்டு."